பொதுச் சொத்து யாருடையது?

பொதுத்துறை நிறுவனங்களின் பங்குகளை விற்க அரசு முற்படும்போதெல்லாம், "இது மக்கள் சொத்து" என்று தொழிற்சங்கங்கள் முழங்குகின்றன. இதனை வெறும் தன்னலமென ஒதுக்குவோர் உண்டு. ஆராயாமல் ஏற்போரும் உண்டு. இம்முழக்கம் எப்போது உண்மையாகிறது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். அங்கே 1956-இல் தோன்றிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் 10 விழுக்காட்டுப் பங்குகளை விற்க 2006-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர், தமிழகக் கட்சிகளும் எதிர்த்தன, விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. 2013-இல் மீண்டும் விற்பனைப் பேச்சு எழுந்தது, மீண்டும் போராட்டம். இறுதியில் தமிழக அரசின் நிறுவனங்களே 3.56 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கின.

பங்கு விற்ற பணத்தைக் கொண்டு வேறு நலப்பணிகளைச் செய்யலாம் என்பது அரசுத் தரப்பின் வாதம். அதில் பொருள் இல்லாமல் இல்லை. ஆயினும், சுரங்கத்திற்காக நிலமிழந்த உழவனின் துயரும், தலைமுறைகளின் உழைப்பும் சந்தை விலையில் அடங்குவதில்லை. ஆதலால் சங்கங்களின் எதிர்ப்பில் நியாயம் உண்டு.

ஆனால் அதே நெய்வேலியில், 2023 ஜூலையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். நிரந்தரத் தொழிலாளருடன் அதே வளாகத்தில் உழைத்தும், அவர்களுக்குரிய ஊதியமும் பாதுகாப்பும் கிட்டாதவர்கள் இவர்கள். "மக்கள் சொத்து" என்னும் சொல்லில் இவர்களுக்கு இடமில்லையா?

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றி 1981-இல் எழுதிய சுற்றுமடலில் இவ்வினாவைத் தொடுகிறார். தனியாரிடமிருந்து அரசின் கைக்கு மாறுவதால் மட்டும் ஒரு சொத்து சமுதாயத்தின் சொத்தாகிவிடாது. உழைக்கும் ஒவ்வொருவரும் தம்மை அதன் உடைமையாளருள் ஒருவராகக் கருத இடமிருக்க வேண்டும் என்கிறார். தொழிற்சங்கங்களின் உரிமையை உறுதியாக ஆதரிக்கும் அவரே, குழுத் தன்னலம் அவற்றைப் பற்றிக்கொள்ளலாகாது என்றும் எச்சரிக்கிறார்.

எனவே, விற்பனையை எதிர்ப்பவர் ஒரு கடமையையும் ஏற்கிறார். பொதுச் சொத்தின் காவலர் அதன் தனி உரிமையாளர் அல்லர். ஒப்பந்தத் தொழிலாளியின் குறைவான ஊதியத்தைக் கண்டும் காணாதிருக்கும் சங்கம், தன் முழக்கத்தின் வலிமையைத் தானே குறைத்துக்கொள்கிறது. அக்குறையைக் காட்டி நிறுவனத்தையே விற்கத் துணிவதும் அதற்கு மருந்தாகாது.

நம் இல்லங்களிலும் சங்க உறுப்பினர்கள் பலர் உள்ளனர். அடுத்த கோரிக்கைப் பட்டியல் எழுதப்படும்போது, சங்கத்தில் இடமில்லாதவரின் கோரிக்கையும் அதில் முதன்மை பெறுமாறு அவர்கள் குரல் கொடுக்கட்டும். அன்று "மக்கள் சொத்து" என்னும் சொல் முழுமையான பொருள் பெறும்.