தராசின் முகம் எந்தப் பக்கம்?

இலங்கையில் நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலாகியிருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் அது ஹெதர்செட் தோட்டத்தின் ஸ்டோர்; தோட்டப் பேச்சில் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 1996இல் விருந்தினருக்குத் திறந்தது. தகரச் சுவரையும் இலை வாட்டிய மாடிகளையும் பழைய இயந்திரத்தையும் விட்டுவைத்தார்கள். இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டியதைக் கலைக்கண் காப்பாற்றியது. அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த அழகு வந்தது இயந்திரம் ஓய்ந்த பிறகு. ஓடிய காலத்தில் அதன் பக்கத்தில் இரவெல்லாம் நின்றவருக்கு அது உதவவில்லை. இயந்திரத்துக்குக் கலை மனிதத்தன்மை தருமா என்ற கேள்வியை, ஓடுகிற இயந்திரத்தருகே நின்றுதான் கேட்க வேண்டும்.

மலையகத்தில் அதற்குப் பழைய விடை ஒன்று உண்டு: தப்பு என்னும் பறை. விடியுமுன் லயத்தை, தொழிலாளரின் வரிசை வீடுகளை, எழுப்பிப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு, அனுப்பியது அதுதான், தோட்டத்தின் கடிகாரம். மாசியில் காமன் கூத்து வந்துவிட்டால் அதே தோலும் குச்சியும் ரதிக்கும் மன்மதனுக்குமாக விடிய விடிய முழங்கின. வேலைக்கு விரட்டிய கருவியைத் தோட்ட மக்கள் தங்கள் ஆட்டத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். பெரிய காரியம். மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்ததும் அந்த மதிப்பை உணர்ந்துதான். என்றாலும், கூத்து முடிந்து விடிந்தால் பெரட்டு இருந்தது, கங்காணி இருந்தார், கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, விழுந்தது. தப்படிக்கும் வேலையும் ஒரு சாதியின் தலையிலேயே கட்டப்பட்டிருந்தது. கூத்து மக்களை உடைந்துபோகாமல் வைத்திருந்தது. தோட்ட முறையை இளக்கவில்லை. இரண்டையும் குழப்பிப் பேசுவது கலைக்கும் மரியாதை அல்ல.

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதிலிருந்து, மலையேறி வந்த கருவிகள் இலையை நினைத்தே வந்தன. கையை நினைத்து வந்தவை குறைவு. இன்று வந்திருப்பவை மின்னணுத் தராசும் கொழுந்து வெட்டும் இயந்திரமும். நிறுவை நடக்கும் இடத்தில் ஒரு பெண் முதுகிலிருந்து கூடையை இறக்குகிறாள். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோவைக் கழிக்கிறார்கள் என்பது நெடுநாள் மனக்குறை. எண் மின்னும் முகம் கணக்கப்பிள்ளையின் பக்கம் மட்டும் இருந்தால், புதுத் தராசும் பழைய தராசுதான். அவள் பக்கமும் திரும்பியிருந்து, எண்ணும் பெரிதாகத் தெரிந்தால், அங்கேயே நின்று அவள் கேட்க முடியும். ஒரு பொருளை யார் கண்ணுக்கு, யார் கைக்குச் செய்கிறோம் என்ற கேள்வி அழகியலின் நடுவில் இருப்பது. அங்கே நேர்மை தவறினால் எந்த வேலைப்பாடும் பூச்சுதான். கூடை சுமந்தவளின் சிரிப்பைத் தேயிலைப் பெட்டியில் அச்சிட்டு எத்தனையோ காலமாகிறது. அவள் கழிகிலோ அதனால் குறைந்ததில்லை.

கலைஞருக்கு மலையில் வேலை இருக்கிறது. வெட்டும் இயந்திரத்தின் பாரம், இரைச்சல், சரிவில் அதைப் பிடித்து நடக்கும் இடுப்பின் உயரம் எல்லாம் வடிவமைப்புக்குரியவை. அதை வரைகிற மேசையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இடம் வேண்டும். அங்கே உட்காரும் நாளுக்கு முழுப்பேரும் போட வேண்டும்.