கூட்டிலிட்ட உயிர்க்கு யாம் பட்ட கடன்

நோயுற்ற உயிரைக் கண்டவிடத்து இரங்குதல் நன்மக்கட்கு இயல்பேயாம். அவ்விரக்கம் அருளோ, அன்றிக் கடனோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த வினா. இரண்டற்கும் வேற்றுமை யாதெனின், அருள் செய்தவன் புகழப்படுவான். செய்யாதவனை ஒருவரும் வழக்கிற்கு இழுப்பதில்லை. கடன் அத்தன்மைத்தன்று. இறுத்தவனுக்குப் புகழில்லை, இறாதவனுக்குப் பழியுண்டு. நூல்களிற் படித்த காலத்து இவ்வேற்றுமை எமக்கு எளிதாய்த் தோன்றிற்று. எம்மில்லத்து முயலொன்று ஈனமாட்டாது ஓரிரவு முழுதும் வருந்தியபொழுதுதான் அது எத்துணை அரிதென்பது விளங்கியது. சிறு பிராணியொன்றின் பேற்றுநோவை அறிஞர் படிக்கும் ஏட்டிலே எழுதுதல் தகுமோவென்று நகுவார் நகுக. பெரிய வினாக்கள் பெரிய இடங்களிலேதான் எழும் என்னும் நியமமில்லை.

வீடுகளில் வளர்க்கப்படும் முயல் எம் நாட்டுப் பற்றைக்காடுகளில் ஓடும் முயலின் இனத்ததன்று. ஐரோப்பாக் கண்டத்தின் தென்மேற்கிலுள்ள ஸ்பானியா, போர்த்துக்கல் என்னும் நாடுகளிலே நிலத்தை அகழ்ந்து வளைசெய்து வாழ்ந்த சாதியினின்றும் வந்தது. காட்டு முயலின் குட்டி பிறக்கும்பொழுதே உரோமமும் விழித்த கண்ணும் உடையது. வளர்ப்பு முயலின் குட்டியோ உரோமமின்றிக் கண்மூடிப் பிறந்து, ஏறக்குறையப் 10 நாளிற் கண் திறக்கும். தொல்காப்பியனார் மரபியலிலே நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கன் இளமைக்கும் குருளையென்னும் பெயரை வகுத்தார். அவர் கண்ட முயல் முன்னையதேயாம். பின்னையதற்கும் அப்பெயர் செல்லுமோ என்பதைப் புலவர்கள் தீர்ப்பாராக. எம் பேர்த்தி குட்டியென்றே கூறுவாள், யாமும் அவ்வாறே கூறுவேம். இவ்வளவும் ஈண்டுக் கூறியதென்னையெனின், எம் வீட்டு முயலுக்கு இந்நிலத்திலே காடென்பதொன்று இல்லை என்பதை உணர்த்தற்கேயாம். கூட்டைத் திறந்துவிட்டால் அதற்கு விடுதலையில்லை, நாய்வாயேயுண்டு.

சந்தையிலே வாங்கியபொழுது விற்றவர் இரண்டும் பெட்டையென்றார். இளமையில் முயலின் ஆண் பெண் வேற்றுமை காண்டல் பழகினவர்க்கும் அரிதாதலின், அவர் பொய் கூறினார் என்று யாம் சொல்லேம். சில திங்களில் ஒன்று கடுவனென்பது வெளிப்பட்டது. அப்பொழுதே அதனைப் பிரித்து வேறு கூட்டில் வைத்திருக்கலாம். மரமும் வலையும் வீட்டிலே கிடந்தன. வைத்திலேம். குட்டி வரும் என்று பிள்ளைகள் மகிழ்ந்தனர்; அம்மகிழ்ச்சியைக் கண்டு யாமும் வாளாவிருந்தேம். பெட்டைக்கு ஆறு திங்களும் நிரம்பவில்லை. அன்றியும், அன்பின் மிகுதியால் அதற்குப் பாணும் சோறும் விசுக்கோத்தும் ஊட்டப்பட்டன. முயலுக்குரிய உணவு புல்லும் இலையுமாம். மாப்பண்டம் தின்ற பெட்டை கொழுக்கும். கொழுத்த பெட்டைக்குப் பேறு கடினமாதல் உண்டு. இதனை யாம் பின்னரே அறிந்தேம்.

முயலின் சூற்காலம் 31 நாள் வரையினது. ஒரு நாள் கூடினும் குறையினும் இழுக்கில்லை. இணைசேரக் கண்ட நாளினின்றும் கணக்கிட்டு, 30-ஆம் நாள் வைக்கோலிட்ட பெட்டியொன்றை உள்ளே வைத்தேம். அது தன் வயிற்றுரோமத்தைத் தானே பிடுங்கி அவ்வைக்கோலின்மேற் பரப்பியது. பிறவாத குட்டிக்குத் தன் உடம்பிலிருந்தே பாயல் விரிக்கும் அவ்வுயிரைக் கண்டபொழுது எமக்கு நாணமுண்டாயிற்று. ஏனெனிற் கூறமாட்டேம்.

32-ஆம் நாள் இரவிலே நோவு தொடங்கிற்று. முயல் எளிதில் ஈனும் சாதி. அரைமணிப் பொழுதினுள் எல்லாக் குட்டியையும் ஈன்று, நக்கித் துடைத்து, பெட்டியை மூடிவிட்டு, ஒன்றும் நடவாததுபோற் புல் தின்னும். இதுவோ பெரிய குட்டியொன்றை உயிரின்றி ஈன்றது. பின்பு முக்கியும் ஒன்றும் வரவில்லை. விடியுமுன்னர் ஒரு மூலையிற் சுருண்டு பல்லை நறநறவென அரைக்கத் தொடங்கிற்று. அவ்வொலி நோவின் அடையாளமாம். பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிராதலின் முயல் நோவுற்றாலும் கதறுவதில்லை. கதறினாற் பகை அறிந்துவிடும். வாயில்லாப் பிராணி என்னும் வழக்கின் பொருளை யாம் அன்றிரவே முழுதும் அறிந்தேம்.

அயல்வீட்டிலே முதியவர் ஒருவர் உளர். கற்றவர், எம்பால் அன்புடையவர். விடியற்காலை வேலியோரம் வந்து, "தம்பி, அது அதன் வினையை அனுபவிக்கின்றது; நீர் இடையிற் புகுந்து என்ன ஆகப்போகிறது? விட்டுவிடும்" என்றார். இக்கூற்றை இகழ்ந்து தள்ளுதல் நன்றன்று. நம்மவருட் பலர் இவ்வாறே எண்ணுகின்றனர். வினையின்றி இன்பதுன்பம் வாராது என்பது நாமும் உடன்பட்டதே. ஆயினும் அதனால் இது பெறப்படுமாறு யாங்ஙனம்? தம் மகள் பேற்றுநோவால் வருந்தும்பொழுது அவர் மருத்துவிச்சியை அழையாது வினையென்று வாளாவிருந்தாரல்லர். காவிரி பெருகித் தாய் வரமாட்டாத பொழுது, சிராப்பள்ளியிலே இறைவனே தாயாய் வந்து இரத்தினாவதிக்குப் பேறு பார்த்தான் என்று நாமெல்லாம் போற்றுகின்றேம். வினைக்கு இடையிற் புகுதல் ஆகாதெனின் அத்திருவிளையாட்டு எப்படி ஆகும்? அன்றியும், முயலின் வினையைக் கண்டவர் எம் வினையைக் கண்டிலர். அதனைக் கூட்டிலிட்டது எம் செயல். கடுவனோடு விட்டது எம் செயல். பாண் ஊட்டியது எம் செயல். அதன் நோவிலே எம் கை முன்னரே புகுந்துவிட்டது. இனிப் புகலாமோ என்று வினவுவது எப்படிப் பொருந்தும்?

முதியவர்க்கு இவ்வளவும் அப்பொழுது சொல்லவில்லை. கூடையொன்றிலே துணிவிரித்து முயலை வைத்து, முச்சக்கர வண்டியில் மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றேம். அவர் வயிற்றைத் தடவிப் பார்த்து, எக்ஸ்கதிர்ப் படமும் எடுத்து, குட்டியொன்று குறுக்கே கிடந்து வழியை அடைத்திருக்கின்றது, அதன் பின்னே வேறும் உள என்றார். கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஒட்சிற்றோசின் என்னும் மருந்து உண்டே, அதனை ஏற்றலாகாதோ என்று, எங்கோ படித்த செருக்கினால் வினவினேம். வழி அடைபட்டிருக்கும்பொழுது அதனைக் கொடுத்தாற் கருப்பை கிழிதலும் கூடும் என்று அவர் பொறுமையோடு விளக்கினார். பின்பு, "முதலிற் கையாற் பார்க்கிறேன். ஆகாவிட்டால் மயக்கமருந்து கொடுத்து வயிற்றைக் கீறவேண்டும். முயல் மயக்கமருந்தை நாய் பூனைபோல எளிதில் தாங்காது. அதுவும் வேண்டாமென்றால் நோவில்லாமல் உயிரை நீக்கிவிடலாம். என்ன செய்ய, ஐயா?" என்றார்.

இவ்வினாவை யாம் எதிர்பார்த்திலேம். உடன்வந்த உறவினர் ஒருவர் எம் காதினுள், "வயிறு கீறும் செலவுக்குப் பத்து முயல் வாங்கலாமே" என்றார். கணக்குப் பிழையன்று. ஆயினும், ஒருவனிடம் பட்ட கடனை வேறொருவனுக்குக் கொடுத்துத் தீர்த்தல் எவ்வழக்கிலும் இல்லை. பத்து முயல் வாங்கினால் அப்பத்துக்கும் புதுக்கடன் படுவோமன்றி, கூடையிற் கிடப்பதன் கடன் இறுக்கப்படாது.

உயிரை நீக்குதல் என்பதோ அவ்வளவில் ஒதுக்கத்தக்கதன்று. 1928-ஆம் ஆண்டிலே காந்தியடிகளின் சபர்மதி ஆச்சிரமத்தில் தீராநோயுற்றுக் கிடந்த கன்றொன்றுக்கு, அவர் உடன்பாட்டோடு நச்சுமருந்து ஏற்றி உயிர் நீக்கப்பட்டது. கொல்லாமையை உலகிற்குக் கூறியவரே கொன்றார் என்று அக்காலத்துப் பெரும் பூசல் எழுந்தது. அவரோ, பிழைக்குமென்னும் நம்பிக்கையின்றி வருந்தும் உயிரின் துன்பத்தை, தன்னலம் சிறிதுமின்றி அவ்வுயிரின் பொருட்டே முடித்தலும் அகிம்சையின்பாற்படும் என்று விடை எழுதினார். அவ்விடையை யாம் முற்றும் உடன்படேம். முற்றும் மறுக்கவும் துணியேம். ஆயின், தன்னலமின்றி என்னும் அந்நிபந்தனையை எம்மேல் வைத்துப் பார்த்தபொழுது எம் நெஞ்சு நடுங்கிற்று. இரவு முழுதும் பல்லரைக்கும் ஒலியைக் கேட்டிருந்த எமக்கு அவ்வொலி ஓயவேண்டும் என்பதே வேட்கை. அது முயலின் துன்பம் ஓயவேண்டும் என்னும் வேட்கையோ, எம் செவி அமைதி பெறவேண்டும் என்னும் வேட்கையோ? இரண்டும் கலந்து கிடந்தன, பிரிக்க முடியவில்லை. ஐயமுள்ளவிடத்து மீட்கமுடியாத செயலைச் செய்தல் தகாது என்று கொண்டு, வைத்தியரை நோக்கி, "கையாற் பாருங்கள், ஆகாதேற் கீறுங்கள்" என்றேம். கீறியபின் அது மேசையிலேயே இறந்திருப்பின் இக்கட்டுரையை வேறுவிதமாய் எழுதியிருப்போமோ என்று இப்பொழுதும் ஐயுறுகின்றேம்.

அவர் விரலிலே வழுவழுப்பான மருந்தைப் பூசிக்கொண்டு, கால் மணிப் பொழுதிற்கு மேலாக முயன்று, அக்குட்டியைத் திருப்பி வெளியே எடுத்தார். அது இறந்திருந்தது. வழி திறந்தபின்னர்க் கல்சியமும், அதன்மேல் ஒட்சிற்றோசினும் ஏற்றினார். மூன்று குட்டிகள் வந்தன. இரண்டிற்கு உயிர் இருந்தது.

வீட்டிற்கு மீளும் வழியில் எமக்கு நினைவிலே வந்தது திருவாரூரிற் கன்றின்மேல் தேரூர்ந்த அரசகுமாரன் வரலாறு. அவன் வேண்டுமென்று செய்திலன். கன்று துள்ளி வந்து சில்லின்கீழ்ப் பட்டது. அமைச்சர் கழுவாய் கூறினர். மனுவேந்தன் அதனை ஏற்றிலன். பசுவின் துயரைத் தானும் உறுதலே செயற்பாலதென்று துணிந்தான். இதனைச் சிறுவர்க்கு நீதிக்கதையாய்ச் சொல்லும்பொழுது தண்டத்தின் கொடுமையையே பேசுகின்றேம். எமக்கு அன்று பட்டது வேறு. அறியாமற் செய்தேன் என்பது குற்றத்தைக் குறைக்கும், கடனைக் குறைக்காது. ஆராய்ச்சிமணியை அடித்த பசுவிற்கு, குமாரன் வேண்டுமென்று செய்தானோ வேண்டாது செய்தானோ என்பதனால் ஆவதொன்றில்லை. அதற்குக் கன்று இல்லை என்பதே உள்ளது. எம் முயலுக்கு மணியுமில்லை.

இனி, பின்நிகழ்ந்ததையும் கூறவேண்டும். பிழை அங்கும் உண்டு. தாய் முயல் தன் குட்டிகளோடு படுத்திருப்பதில்லை. நாளொன்றுக்கு ஒருமுறை, அரிதாய் இருமுறை, சில நிமிடமே பால் கொடுத்து நீங்கிவிடும்; அப்பால் மிகக் கொழுமையுடையதாதலின் அதுவே போதும். காவலின்றி வளையிற் கிடக்கும் குட்டிகளைப் பகைவிலங்கு கண்டுகொள்ளாதிருத்தற்கு அமைந்த இயல்பு அது. இதனை யறியாத யாம், தாய் குட்டிகளைக் கைவிட்டதென்று அஞ்சி, முதல் நாள் மும்முறை அதனைப் பிடித்துப் பெட்டியினுள் வைத்தேம். நோவுற்று மீண்ட உயிரை இரக்கத்தினாலேயே மேலும் வருத்தினேம். பாண் ஊட்டியதும் இரக்கமே, இதுவும் இரக்கமே. வைத்தியருக்குத் தொலைபேசியிற் சொன்னபொழுது, குட்டியின் வயிறு உருண்டு நிறைந்திருக்கின்றதோ என்று மட்டும் காலையிற் பாருங்கள், வேறொன்றும் செய்யாதீர்கள் என்றார். ஒன்றும் செய்யாதிருத்தல் எத்துணைப் பெரிய உழைப்பென்பதை அவ்வாரத்திற் கற்றேம்.

தாய் உண்ணாதிருந்ததே பெருங்கவலை. முயல் அரைநாள் உண்ணாதிருப்பினும் அதன் குடல் அசைவொழிந்து உயிர்க்கு இடராகும். அறுகம்புல்லும் முருங்கையிலையும் வைத்துப் பார்த்தேம், முகர்ந்து விலகியது. இலையை அரைத்து நீரிற் கரைத்து, ஊசியில்லாத பீச்சுகுழலினால் வாயோரத்திற் சிறிது சிறிதாய் ஊட்டினேம். பேர்த்தி இரவிலும் விழித்திருந்து, "அப்பப்பா, விழுங்குது" என்று எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் மாலை அறுகம்புல்லைத் தானே கடித்தது. மூன்றாம் நாட் காலை, குட்டிகளுள் ஒன்று தணுத்துக் கிடந்தது. அதன் வயிறு ஒட்டியிருந்தது. பன்றிக்குட்டிகள் தாயிழந்து கிடந்தபொழுது மதுரையிலே இறைவன் தாய்ப்பன்றியாய் வந்து பாலூட்டிய படலத்தைப் பேர்த்தி கேட்டிருக்கின்றாள். "இதுக்கு ஏன் வரேல்லை?" என்று வினவினாள். அவளுக்கு யாம் விடைகூறவில்லை, பூவரசின்கீழ்க் குழிதோண்டினேம்.

எஞ்சிய குட்டி வளர்ந்து இப்பொழுது கூட்டிலே தாவுகின்றது. கடுவனை அன்றைக்கே வேறு கூட்டில் வைத்தேம். ஈன்ற பெட்டை அந்நாளிலேயே மீளச் சூல்கொள்ளவும் வல்லது என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். பிரித்தபின் கடுவன் வலையோரத்தில் வந்து நிற்பதைக் காண்கின்றேம். அதற்கு விதையெடுப்பித்தால் இரண்டையும் ஒருங்கு வைக்கலாமாம். அது தகுமோ என்று முதியவர் வினவினார்; உடம்பைக் குறைத்து உறவைக் கொடுத்தல் ஒரு பக்கம், உடம்பைக் காத்துத் தனிமையைக் கொடுத்தல் மறுபக்கம். இரண்டினுள் முன்னையதே கடுவனுக்குச் சிறிய துன்பமென்று யாம் துணிந்து, வருந்திங்களுக்கு நாட் குறித்திருக்கின்றேம். முதியவர் உடன்பட்டிலர்.

சென்ற கிழமை உறவினர் மகளொருத்தி வந்து, குட்டியைத் தனக்குத் தருவீர்களோ என்று கேட்டாள். தருவேம் என்றேம், ஆயினும் வீட்டிலே கடுவன் உண்டோ என்று முதலில் வினவினேம். உண்டென்றாள்.

குட்டி இன்னும் எம்மில்லத்திலேயே இருக்கின்றது.