சிந்திய கதிர் யாருக்குச் சொந்தம்?



சேசுநாதர் சுவாமியின் சீஷர்கள் ஓர் ஓய்வுநாளில் விளைந்த வயல் வழியே போகையில், பசி பொறுக்காமல் கதிர்களைக் கொய்து தின்றார்கள். உடனே பரிசேயர் குற்றம் பிடித்தார்கள். என்ன குற்றம்? ஓய்வுநாளை மீறினார்கள் என்றார்களேயன்றி, திருடினார்கள் என்று சொல்லவில்லை. ஏனென்றால், பசித்தவன் கையால் கதிர் கொய்யலாம், அரிவாள் மட்டும் போடலாகாது என்பது மோயீசன் சட்டம். வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தியதைத் திரும்பப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது என்றும் சர்வேசுரன் கட்டளையிட்டார். கவனியுங்கள்: அது பிச்சையல்ல, அவனுடைய பங்கு. ரூத் என்னும் ஏழை விதவை பெத்லெகேமில் கதிர் பொறுக்கியே தன் மாமியாரைக் காப்பாற்றினாள். அவள் வம்சத்தில்தான் நம் இரட்சகர் பிறந்தார்.

இந்தக் கட்டளையை மனதில் வைத்துக்கொண்டு பஞ்சங்களின் சரித்திரத்தைப் பார்ப்போம்.

தாது வருஷப் பஞ்சம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1876-ல் மழை பொய்த்தது. துன்பம் 1878 வரை நீண்டது. இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடங்கியிருந்த சேலம் ஜில்லாவில் 1871-ல் 19 லட்சத்துக்கு மேல் ஜனங்கள் இருந்தார்கள். 1881-ல் எண்ணியபோது 16 லட்சம்கூட இல்லை. வானம் பொய்த்தது மெய்தான். ஆனால் அதே காலத்தில் இந்தியாவின் கோதுமை சீமைக்குக் கப்பலேறிக் கொண்டிருந்தது. வியாபாரத்தில் சர்க்கார் தலையிடலாகாது என்பது வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் கொள்கை. 1877-ன் தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் துரை, நிவாரண வேலை செய்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று குறைத்தார். மண் சுமப்பவனுக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் வாதாட வேண்டியிருந்தது.

அப்படியானால் தனிச்சொத்தை ஒழித்து, எல்லா நிலத்தையும் பொதுவாக்கிவிட்டால் பசி ஒழிந்துவிடுமா? அதையும் உலகம் செய்து பார்த்தது.

ரஷ்யாவில் ஸ்டாலின் ஆட்சி 1929 முதல் குடியானவர்களின் நிலத்தையும் மாட்டையும் கலப்பையையும் கூட்டுப் பண்ணைகளில் கட்டாயமாய்ச் சேர்த்தது. விளைச்சல் குறைந்தது, சர்க்காருக்கு அளக்க வேண்டிய தானியமோ அதற்கேற்பக் குறையவில்லை. 1932-33-ல் கரிசல் மண்ணுக்குப் பேர்போன உக்ரைனில் லட்சோப லட்சம் பேர் பட்டினியால் மாண்டார்கள். அப்போதும் தானியம் ஏற்றுமதியாயிற்று. 1932 ஆகஸ்ட் 7-ந் தேதி ஒரு சட்டம் பிறந்தது: கூட்டுப் பண்ணைச் சொத்தைத் திருடினால் மரண தண்டனை, தயவு காட்டினால் பத்து வருஷத்துக்குக் குறையாத சிறை. ஜனங்கள் அதை ஐந்து கதிர்ச் சட்டம் என்றே அழைத்தார்கள். அறுத்த வயலில் கதிர் பொறுக்கிய ஏழைகளும் அதில் சிக்கினார்கள். பரிசேயரே திருட்டு என்று சொல்லத் துணியாததை இந்தச் சட்டம் திருட்டாக்கிற்று!

சீனாவிலும் 1958-ல் மக்கள் கம்யூன்கள் வந்தன. வீட்டு அடுப்பை அணைத்துப் பொதுச் சமையற்கூடம் வைத்தார்கள். அதிகாரிகள் மேலிடத்துக்குப் பயந்து, விளையாத விளைச்சலை எழுதி அனுப்பினார்கள். அந்தப் பொய்க் கணக்கின்படி தானியம் வாங்கப்பட்டது. 1959 முதல் 1961 வரை கோடிக்கணக்கான பேர் இறந்தார்கள்.

அந்த 1959-ம் வருஷம் ஜனவரியில்தான், நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை நம் தேசத்திலும் கூட்டுறவுக் கூட்டுச் சாகுபடி வேண்டுமென்று தீர்மானித்தது. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் கண்ட ராஜாஜி அதை எதிர்த்து, அவ்வருஷமே சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். அந்தத் தீர்மானம் கட்டாயச் சட்டமாகவில்லை. கட்சி பேசுவது இந்தப் பக்கத்தின் வேலையல்ல. திருச்சபை போதிப்பதை மட்டும் சொல்கிறேன். உழைப்பவனுக்குச் சொத்துரிமை உண்டென்று பரிசுத்த பாப்பு 13-ம் சிங்கராயர் 1891-ல் போதித்தார். குடியானவர்கள் கூட்டுறவாய்ச் சேர்வது நல்லதென்று 23-ம் அருளப்பர் 1961-ல் போதித்தார். மனமுவந்து சேர்வது வேறு, மிரட்டிச் சேர்ப்பது வேறு. இன்னொன்றும் உண்டு: சொத்து எனக்குரியது, அதன் ஓரமோ எளியவனுக்குரியது. லாபக் கணக்கும் அந்த ஓரத்தை மறந்தது. சர்க்கார் கணக்கும் மறந்தது. எங்கே மறந்தார்களோ, அங்கே வறட்சி பட்டினிச் சாவாயிற்று.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தென்னையும் மரவள்ளியும் காய்ந்தன, கடன் ஏறிற்று, மனம் உடைந்தவர்களும் உண்டு. ஆனாலும் தாது வருஷம்போல் ஊர் ஊராய் ஜனங்கள் பசியால் விழவில்லை. ரேஷன் கடை அரிசி அடுப்பை அணையவிடாமல் காத்தது. அதுவும் வயலின் ஓரம்தான்.

ஆனால் சர்க்கார் விடுகிற ஓரம், நாம் விடவேண்டிய ஓரத்துக்கு ஈடாகாது. கடலைக்காய் பிடுங்கிய காட்டில் மண்ணுக்குள் தங்கியதைத் தேடிவரும் கிழவியை விரட்டாதேயுங்கள். ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் உள்ளவர்கள், அடுத்த வீட்டுக் குடத்தை வெறுமையாய்த் திருப்பாதேயுங்கள். விளைச்சல் குறைந்தது என்று சொல்லி, செய்த வேலைக்குரிய கூலியை நிறுத்தாதேயுங்கள். கோழிப் பண்ணை வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுக் குடும்பமே இன்று நம் வாசலில் நிற்கும் பரதேசி. அந்தக் குழந்தைகள் சாப்பிட்டார்களா என்று விசாரியுங்கள்.

கடைசி நாளில் நம் ஆண்டவர், எத்தனை மூட்டை விளைந்தது என்று கேட்கமாட்டார். பசித்திருந்தேனே, எனக்குக் கொடுத்தாயா என்றே கேட்பார். அன்று பதில் சொல்ல, இன்றே வயலின் ஓரத்தை விட்டு வைப்போம். மழைக்காகவும் ஒருமனமாய் மன்றாடுவோம். ஆமென்.

உங்கள் பங்குக் குரு