பேட்டரி தீர்ந்தால் ஆட்டம் எங்கே போகிறது?

1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டம் ஒரு தடுமாற்றத்தால் புகழ்பெற்றது. பதினொன்று பதினொன்றாக ஐந்து வரிசைகளில் வேற்றுக்கிரக உருவங்கள் மேலிருந்து மெல்ல இறங்கி வரும். சுடச் சுடக் குறையும்; குறையக் குறைய, மிஞ்சியவை வேகம் பிடிக்கும். கடைசி ஒன்று திரையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகத் தலைதெறிக்க ஓடும்போது ஆடுபவரின் உள்ளங்கை வியர்த்துவிடும். ஆட்டத்தை வடிவமைத்த டொமோஹிரோ நிஷிகாடோ இதைத் திட்டமிடவே இல்லை. உள்ளே இருந்த இன்டெல் 8080 பிராசஸருக்கு ஐம்பத்தைந்து உருவங்களையும் வரைய மூச்சு வாங்கியது. சுமை இறங்க இறங்க அது வேகமெடுத்தது, அவ்வளவுதான். ஆடிப் பார்த்தபோது நன்றாக இருந்ததால் நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார்.

இன்றைய சிப் எதற்கும் ஐம்பத்தைந்து உருவங்கள் ஒரு பொருட்டே அல்ல. அதனால் அதே ஆட்டத்தைப் புதிய ஹார்ட்வேரில் எழுப்புகிறவர்கள் ஒரு விசித்திரமான வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நன்றாக நடக்கும் காலுக்கு நொண்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். குறை என்று தொடங்கியது ஆட்டத்தின் உயிராகிவிட்டது. அந்த உயிர் இதுநாள்வரை எங்கே குடியிருந்தது? சிலிக்கனிலா, நிரலிலா, ஆடியவர் விரலிலா? காசு போட்டு ஆடும் இயந்திரங்களின் ஆர்கேட் உலகில் இது வேடிக்கைக் கேள்வி இல்லை. அதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்தே சாலிடரிங் அயர்ன் எங்கே வைக்கப்படுகிறது, கடையில் எந்த இயந்திரம் நிற்கிறது என்பதெல்லாம் முடிவாகின்றன.

இந்த இயந்திரங்களின் பழைய சர்க்யூட் போர்டுகளைப் பழுதுபார்ப்பவர்களிடம் ‘தற்கொலை பேட்டரி’ என்று ஒரு சொல் புழங்குகிறது. 1993-இல் கேப்காம் நிறுவனம் சிபி சிஸ்டம் 2 என்ற போர்டை வெளியிட்டது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் வரிசையின் பல ஆட்டங்கள் ஓடியது இதில்தான். கள்ள நகலுக்குப் பயந்து ஆட்டத்தின் நிரலை மறையாக்கம் செய்து, அதைத் திறக்கும் சாவியை ஒரு சிறிய லித்தியம் பேட்டரி தாங்கும் நினைவகத்தில் வைத்தார்கள். பேட்டரி சில ஆண்டுகள் தாங்கும். தீர்ந்த நாளில் சாவி மறைந்துவிடும். இயந்திரத்தைப் போட்டால் வெறும் நிறம் மட்டும் திரையில் நிற்கும். கவனிக்க வேண்டியது, போர்டில் எதுவும் கெட்டுப்போயிருக்காது. நிரல் சிப்புகளில் ஓர் எழுத்துகூட அழிந்திருக்காது. கை கால் எல்லாம் அப்படியே இருக்க, கூப்பிட்டால் மட்டும் பதில் வராது.

2001-இல் ஆர்வலர்கள் அந்த மறையாக்கத்தைத் தாண்டி நிரலை வெளியே எடுத்தார்கள். பிறகு, சாவியே தேவைப்படாதபடி மாற்றி எழுதிய நிரலைச் செத்த போர்டுகளில் ஏற்றி ஓடவைத்தார்கள். அந்தப் பதிப்புகளுக்கு ‘ஃபீனிக்ஸ்’ என்று பெயர். பலருக்கு மகிழ்ச்சி, சிலருக்கு முகம் சுளிப்பு, ஏனென்றால் எழுந்து வந்தது மூலநிரல் இல்லை, திருத்தப்பட்டது. 2016-இல் எட்வர்டோ க்ரூஸ் முதலான ஆய்வாளர்கள் அசல் சாவியையே மறுபடி உள்ளே ஏற்றும் வழியைக் கண்டுபிடித்து வெளியிட்ட பிறகுதான் அவர்கள் சமாதானமானார்கள். முதலாவது மறுபிறவி, இரண்டாவது உயிர்த்தெழல். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பெரிய இறையியல் கிடக்கிறது என்று இந்தச் சண்டையில் இருந்தவர்கள் யோசித்தார்களோ என்னவோ, கட்சி மட்டும் சரியாகப் பிரிந்திருந்தார்கள்.

கிரேக்க வம்சத்து அரசன் மிலிந்தனும் நாகசேனர் என்ற பிக்குவும் பேசிக்கொண்டதாகச் சொல்லும் பௌத்த நூலிலும் இதே கேள்வியோடு ஒரு தேர் வரும். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகத்தடி தேரா என்று நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்க, இல்லை இல்லை என்கிறான் அரசன். இவையெல்லாம் கூடியிருப்பதால் வழங்கும் பெயர்தான் தேர் என்பதை அவன் வாயாலேயே வரவழைக்கிறார் பிக்கு. முன்னிரவில் எரிந்த சுடரும் விடியற்காலைச் சுடரும் ஒன்றா வேறா என்ற கேள்வியும் அதே நூலில் உண்டு. ஒன்றும் இல்லை, வேறும் இல்லை. தொடர்ச்சி மட்டும் இருக்கிறது.

ஆர்கேட் ஆர்வலர்கள் இந்த நிதானத்துக்கு அவ்வளவு எளிதில் வருவதில்லை. ஒரு தரப்புக்கு அசல் போர்டும் அசல் குழாய்த் திரையும் மட்டுமே ஆட்டம்; மற்றதெல்லாம் போலி. உடம்பே உயிர் என்ற உலகாயதம் இது. இன்னொரு தரப்புக்கு நிரல்தான் எல்லாம்; இயந்திரம் கழற்றிப்போடும் சட்டை. 1997-இல் நிக்கோலா சால்மோரியா தொடங்கிய மேம் என்ற எமுலேட்டர், ஆயிரக்கணக்கான ஆட்டங்களைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடச்செய்து இந்தத் தரப்புக்குக் கோயில் கட்டிக் கொடுத்தது. அதன் பூசைமுறை கொஞ்சம் கொடூரமானது. உள்ளடக்கத்தை வெளியே விடாத சிப்புகள் சில உண்டு. அவற்றின் மேலோட்டை அமிலத்தில் கரைத்து, நுண்ணோக்கியில் படமெடுத்து, பூஜ்யங்களையும் ஒன்றுகளையும் கண்ணால் படித்தெடுக்கிறார்கள். நிரலைக் காப்பாற்ற, அதைச் சுமந்த உடம்பைப் பலி கொடுக்கிறார்கள்.

இரு தரப்பும் விட்டுவிடும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பெட்டியில் ஆடுபவர் திரையை நேராகப் பார்ப்பதில்லை. கீழே கிடக்கும் திரையின் பிம்பம் ஒரு கண்ணாடியில் பட்டு, பின்னால் வரைந்திருக்கும் நிலவின் தரைமேல் மிதக்கும். அந்த நிலவு நிரலிலும் இல்லை, போர்டிலும் இல்லை, அட்டையில் இருந்தது. பௌத்தம் சொல்லும் சார்பு, மணிமேகலை வழியாகத் தமிழுக்குப் பழகிய அந்தச் சொல், இங்கே மிகப் பொருந்துகிறது. ஆட்டம் பலவற்றைச் சார்ந்து தோன்றுகிறது. அட்டை நிலவும் அவற்றில் ஒன்று.

புதுப்பித்தலுக்கு ஜப்பானியரிடம் வேறொரு பழக்கம் உண்டு. ஈசே என்னும் ஊரிலுள்ள ஷிண்டோ ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புது மரத்தால் அப்படியே கட்டி, தெய்வத்தை அங்கே குடியேற்றி, பழையதைப் பிரித்துவிடுவார்கள். 2013-இல் நடந்தது அறுபத்திரண்டாவது முறை. ஆலயத்துக்கு வயது ஆயிரம் தாண்டும், கட்டடத்துக்கு இருபது தாண்டுவதில்லை. கும்பாபிஷேகத் திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றுவதைப் பார்த்த தமிழருக்கு இது அந்நியமாகத் தெரியாது. எஃப்பிஜிஏ என்ற சிப்புகளைக் கொண்டு பழைய போர்டுகளை மறுஉருவாக்கும் மிஸ்டர் திட்டம் செய்வதும் ஏறக்குறைய இதுதான். எமுலேட்டர் பழைய சிப் எப்படி நடந்துகொள்ளும் என்று மென்பொருளால் நடித்துக் காட்டுகிறது. எஃப்பிஜிஏவிலோ சிப்பின் உள்சுற்றே பழைய சுற்றின் வடிவத்துக்கு மாற்றி அமைக்கப்படுகிறது. மரம் புதிது, அளவு பழையது.

ஆனால் ஈசேயில் கட்டடத்தோடு தச்சர்களும் தொடர்கிறார்கள், யாத்திரிகர்களும் வருகிறார்கள். ஜப்பானியர் கேம் சென்டர் என்று அழைக்கும் ஆர்கேடுக்கு வருகிறவர்கள் எங்கே?

செகா நிறுவனம் தன் கேம் சென்டர் தொழிலில் 85.1 சதவீதத்தை 2020-இன் இறுதியில் ஜெண்டா என்ற நிறுவனத்துக்கு விற்றது, மீதியை 2022-இல். டோக்கியோவின் தெருமுனைகளில் செகா பெயர்ப்பலகை இறங்கி, ஜெண்டாவின் கீகோ பலகை ஏறியது. கொரோனா ஒரு காரணம். அதற்கு வெகுமுன்பே அரித்துவந்தது நூறு யென் காசு. ஒரு ஆட்டத்துக்கு ஒரு காசு என்று பழகிப்போன வாடிக்கையாளரிடம் நூற்று மூன்று யென் கேட்க முடியாது. இயந்திரத்தின் காசுவாய்க்கும் அது தெரியாது. ஜப்பானில் நுகர்வு வரி 1989-இல் 3 சதவீதத்தில் தொடங்கி 2019-இல் 10 சதவீதமானபோது, ஒவ்வொரு உயர்வையும் கடைக்காரர்தான் கைப்பணத்தில் தாங்கினார்.

போதாக்குறைக்கு, ஆட்டமும் அவர் கையை விட்டுப் போனது. டைட்டோவின் நெசிகா கிராஸ் லைவ் முறை 2010-இல் வந்தபின், ஆட்டங்கள் வலையமைப்பு வழியாக இறங்கின. வசூலில் ஒரு பங்கு நிறுவனத்துக்குப் போனது. வலையமைப்பைச் சார்ந்த ஆட்டம் வலையமைப்போடு சாகும். செகாவின் பார்டர் பிரேக் 2009-இல் தொடங்கி, 2019-இல் சேவை நின்றதோடு முடிந்தது. தற்கொலை பேட்டரியாவது ஒவ்வொரு போர்டாகத்தான் கொன்றது. இங்கே ஒரே நாளில் எல்லா ஊரிலும் சாவு. அமிலத்தில் கரைத்துப் படிக்கவும் கடைக்காரர் கையில் முழு ஆட்டம் இருக்காது, ஏனென்றால் பாதி ஆட்டம் எங்கோ ஒரு சர்வரில் இருந்தது.

அதனால்தான் 2019-இல் ஜப்பானில் வந்த எக்ஸா-ஆர்கேடியா என்ற புதிய ஹார்ட்வேர் பார்க்கப் பழையதாக இருக்கிறது. ஆட்டம் கார்ட்ரிட்ஜில் வருகிறது. இணையம் தேவையில்லை, வசூலில் பங்கு கேட்பதில்லை. 1985-இல் ஏற்பட்ட ஜாமா இணைப்புமுறை கொண்ட பழைய பெட்டிகளிலும் பொருத்தலாம். சிறிய சந்தை, விலையும் கூடுதல். இதுவே ஆர்கேடைத் தூக்கி நிறுத்தும் என்று நம்புவது பேராசை. ஆனால் எப்போது சாவது என்பதை இயந்திரம் இருக்கும் கடையே முடிவு செய்யட்டும் என்ற நிலைப்பாடு அதில் இருக்கிறது. இதற்கு நேரெதிர்த் திசையில் போவது 2018-இன் ஹேலோ ஃபயர்டீம் ரேவன்: 130 அங்குலத் திரை, நால்வர் உட்காரும் இருக்கை. வீட்டுக்குள் நுழையாத அளவில் இருப்பதே அதன் வாதம். வேறு தந்திரம் வேண்டாம், உடம்பின் பருமனே போதும் என்கிறது.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், புரூக்ஃபீல்டில், 2010 முதல் நடக்கும் கேலப்பிங் கோஸ்ட் என்ற ஆர்கேடில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் நிற்கின்றன. அங்கே காசு போட வேண்டாம். வாசலில் ஒருமுறை கட்டணம் கட்டினால் நாள் முழுவதும் ஆடலாம். தோற்றால் பொத்தானை அழுத்தினால் போதும், மறுபடி மூன்று உயிர். பழைய அமெரிக்க ஆர்கேடுகளில் அடுத்து ஆட நினைப்பவர் திரைக்குக் கீழே கண்ணாடி ஓரத்தில் ஒரு குவார்ட்டர் காசை வைப்பார், நம்மூர் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல. ஆடிக்கொண்டிருப்பவரின் கடைக்கண்ணில் அந்தக் காசு பட்டுக்கொண்டே இருக்கும். பின்னால் நிற்பவரின் மூச்சு பிடரியில் படும். அந்தப் படபடப்போடுதான் கடைசி ஒற்றை உருவத்தைக் குறிபார்ப்பார்கள். புரூக்ஃபீல்டில் அந்த ஓரம் காலியாக இருக்கிறது.