ஒரு சோறு பதமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை நாம் ஐயமின்றிக் கற்பித்து வருகின்றோம். ஒரே பானை, ஒரே நீர், ஒரே தீ. ஆதலின் அங்கே அது பொருந்தும். மூடிய குப்பிகளுக்கும் பொருந்துமா?

மெல்பர்னிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், தைப்பிங் ஏரிக்கரையில் என்னோடு நடக்கையில், தாம் வீட்டிலேயே பீர் தயாரிப்பதைக் கூறினார். மதுவைப் போற்றுபவன் அல்லன் நான்; 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் ஒரு கோரிக்கையாய் இருந்ததை வகுப்பில் சொல்லித் தருபவன். எனினும் அவர் சொன்ன செய்தி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

புளித்து அடங்கிய பீரில் லிட்டருக்கு 6 அல்லது 7 கிராம் சர்க்கரை கலந்து, குப்பியில் ஊற்றி இறுக மூடுகின்றனர். எஞ்சியிருக்கும் ஈஸ்ட் அச்சர்க்கரையை உண்டு கரியமிலவாயுவை வெளியிடுகிறது. போக வழியில்லாத வாயு பீரிலேயே கரைகிறது. 20 பாகை வெப்பத்தில் இதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். நம் தைப்பிங் வெயிலில் விரைந்து முடியும். மாக்ஸ்வெல் மலையுச்சியில் வைத்தால் இன்னும் நாளாகும்.

இவரோ பத்தாம் நாளே ஒரு குப்பியைத் திறந்தாராம். சீற்றமில்லை, நுரையில்லை. அனைத்தையும் கொட்டிவிட எண்ணியவர், ஏதோ தோன்றி இன்னொன்றைத் திறக்க, அது பொங்கிச் சுவரை நனைத்தது. சர்க்கரை சீராகக் கலக்கவில்லை. ஒன்றுக்குக் குறைவு, மற்றொன்றுக்கு மிகுதி. மிகுதியானால் கண்ணாடியே வெடிக்கும். ஆகவே பாராமலும் இருத்தலாகாது. திறந்து பார்த்தாலோ உள்ளிருந்த வாயு போய்விடும். இப்போது ஒரு பிளாஸ்டிக் குப்பியையும் உடன் நிரப்பி, அவ்வப்போது விரலால் அழுத்திப் பார்க்கிறாராம். கல்போல் இறுகியிருந்தால் வாயு சேர்ந்துவிட்டது என்று பொருள். நல்ல உத்திதான். ஆயினும் அச்சாட்சி உறுதியாகச் சொல்லக்கூடியது தன்னைப் பற்றி மட்டுமே.

தேர்வே வேண்டா என்று நான் வாதிடவில்லை. ஒருவனைத் திறந்து பார்த்துவிட்டு மற்றவனுக்குத் தீர்ப்பெழுத நமக்கு என்ன உரிமை என்பதே என் கேள்வி. இளம் ஆசிரியனாய் இருந்தபோது, ஒரு தோட்டத்திலிருந்து வந்த மூன்று பிள்ளைகளின் விடைத்தாள்களைக் கண்டு சலித்து, அதே தோட்டத்து நான்காமவனையும் பின்வரிசைக்கு அனுப்பினேன். அவனுடைய தாளை நான் திருத்தியிருக்கவில்லை. அவனை ஒரு சொல் கேட்கவுமில்லை.

ஏரிக்கரையில் என்னோடு நடந்தவர் அவரே. அந்த நாள் அவருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.