சும்மா கிடைக்கும் மருந்து



“சும்மா கிடைப்பதை மனிதன் மதிக்கமாட்டான். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சிறு தொகையாவது அறவிட்டால்தான் சனம் வீணாக வந்து குவியாது.” இப்படிச் சிலர் பேசக் கேட்டிருப்பீர்கள். நாமும் தலையாட்டியிருக்கலாம். ஆனால் இது நீதியான பேச்சுத்தானா?

நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக் கட்டணம் 1951ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. 1971இல், வெளிநோயாளர் 25 சதம் செலுத்த வேண்டுமென்று விதித்தார்கள். அற்பக் காசுதான். ஆயினும் வருவோர் தொகை குறைந்தது. 1977இல் அந்த விதி கைவிடப்பட்டது.

தூரத்துக் கனடாவிலும் இதே அனுபவந்தான். அங்கே எல்லோருக்கும் பொது மருத்துவக் காப்புறுதியை 1962இல் முதலில் தொடங்கியது சஸ்காட்செவான் மாகாணம். அதே மாகாணம் 1968இல் வைத்தியரைக் காணச் சிறு கட்டணம் விதித்து, 1971இல் அதை நீக்கிற்று. அக்காலத்தை ஆராய்ந்தபோது, ஏழைகளின் வருகையே கூடுதலாகக் குறைந்திருக்கக் கண்டார்கள். நோயாளரிடம் கட்டணம் அறவிடும் மாகாணத்துக்கு மத்திய அரசு வழங்கும் பணத்தில் அத்தொகையைக் கழிக்க 1984ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது.

காரணம் தெளிவானது. கட்டணம் மெய்யான நோயையும் வீண் வருகையையும் பிரித்தறியாது. காசுள்ளவனையும் இல்லாதவனையுமே பிரிக்கும். கடல் கொந்தளித்து நாலு நாளாகத் தோணி இறங்காத ஒரு வினாயகபுரத்து வீட்டை எண்ணிப்பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல். “நாளைக்குப் பார்ப்போம்” என்கிறாள் தாய். அது டெங்குக் காய்ச்சலானால், அந்த ஒரு நாளின் விலை என்ன?

வீண் வருகையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அதைத் திருத்த வேண்டியது நோயாளியின் மடியைத் தடவியல்ல. வைத்தியரும் தாதியும் பொறுமையாக எடுத்துச் சொல்லித்தான்.

மேலும், இது சும்மா கிடைப்பதும் அன்று. அந்தத் தாய் கடையில் வாங்கும் சாமான்களின் விலையில் வரியும் அடங்கியிருக்கிறது. சுகமாயிருக்கும் நாளில் எல்லோரும் கொடுக்கிறோம்; நோயுற்ற நாளில் தேவையுள்ளவர் பெறுகிறார். இது பிச்சையன்று, உரிமை.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டது. துண்டை எழுதிக் கொடுத்து “வெளியில் வாங்குங்கள்” என்றார்கள். முன்னர் நீக்கிய கட்டணம் வேறு வேடத்தில் வந்ததல்லவா? வாங்க முடியாதவர் பேசாமல் வீடு திரும்பினார்.

ஆகவே வாசகரே, “சும்மா கிடைப்பது” என்று இனி யாரேனும் சொன்னால், அப்படித் திரும்பிப் போனவரை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.