சொல்லுக்குக் குலம் உண்டோ?

மக்களுக்குள் பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்தல் தகாது என்பதை இன்று யாவரும் ஒப்புவர். ஆயின் சொற்களுக்குள் அவ்வாறு கற்பிப்பதை நாம் குற்றமாகக் கருதுவதில்லை. இச்சொல் எம்மொழியிற் பிறந்தது என்று வினவுகின்றோம். முற்பாதி ஒரு மொழியாகவும் பிற்பாதி வேறு மொழியாகவும் இருப்பின் அதனைப் பிழையென ஒதுக்குகின்றோம். இஃது முறையா? பிறமொழி சூழ வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வினா இலக்கண அளவில் நிற்பதில்லை. வீட்டில் தமிழ் நிலைக்குமா, நிலையாதா என்பதும் இதனுள் அடங்கியுள்ளது.

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. 'டெலிவிஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லில் 'டெலி' கிரேக்கம். 'விஷன்' இலத்தீன் வழி வந்தது. 'ஆட்டோமொபைல்' என்பதும் அவ்வாறே இரு மொழி இணைந்தது. பிரெஞ்சு அறிஞர் ஒகுஸ்த் கோந்த் 1830களில் வழங்கிய சமூகவியலின் பெயரான 'சோஷியாலஜி'யில் இலத்தீன் முன்னும் கிரேக்கம் பின்னும் நிற்கின்றன. இத்தகைய சொற்களைக் கண்டு முகஞ்சுளித்த புலவர் பலர். ஃபௌலர் என்பார் 1926இல் வெளியிட்ட ஆங்கிலச் சொல்வழக்கு நூலில் இக்கலப்புச் சொற்களுக்கெனத் தனிப் பகுதியே வகுத்தார். இக்குற்றத்தைக் காண வல்லவர் யாவர்? கிரேக்கமும் இலத்தீனும் பயிலும் வாய்ப்புப் பெற்ற சிலரே. ஏனையோர்க்கு அவை பயனுள்ள சொற்கள், அவ்வளவே. ஆகவே இலக்கணத்தின் பெயரால் நடந்த அவ்வழக்கில், கற்றவர் கல்லாதவரினின்று தம்மைப் பிரித்துக் காட்டும் விருப்பமும் ஒருவாறு கலந்திருந்தது எனலாம்.

நம் நாட்டில் இதற்குச் சான்று வேண்டுவோர் வேங்கட மலைக்குச் செல்லலாம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகச் சுட்டுவது அம்மலையையே. அதனை அடுத்த சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாயிற்று; 1953இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 முதல் திருப்பதி தனி மாவட்டமாக விளங்குகின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது. சொற்களைப் பிரிக்க அதனால் இயலவில்லை.

திருப்பதி என்னும் பெயரையே நோக்குவோம். 'திரு' தூய தமிழ் என்பார் ஒரு சாரார். வடமொழி 'ஸ்ரீ'யின் திரிபு என்பார் மற்றொரு சாரார். 'பதி' என்பது ஊரைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லாகவும் அமையும். தலைவனைக் குறிக்கும் வடசொல்லாகவும் அமையும். வேங்கடம் சங்கப் பாடல்களில் பயிலும் பெயர். அதனோடு 'ஈசுவரர்' என்னும் வடசொல் வடமொழிப் புணர்ச்சி விதிப்படியே இணைந்து 'வேங்கடேசுவரர்' ஆயிற்று. அக்கோயிலில் ஆண்டுதோறும் நிகழும் 'ஆனிவார ஆஸ்தானம்' தமிழ் மாதப் பெயரோடு வடசொல்லைச் சேர்த்து நிற்கின்றது. நாள்தோறும் வடமொழிச் சுப்ரபாதம் ஒலிக்கும் அச்சந்நிதியில் மார்கழித் திங்களில் மட்டும் ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கின்றது. அன்னமாசாரியார் பாடிய தெலுங்குக் கீர்த்தனைகளுக்கும் அங்கே இடமுண்டு. மலையேறிச் செல்லும் அடியவர் எவரும் இறைவன் திருப்பெயரில் இரு மொழி கலந்துள்ளதே என்று மனங்கலங்கித் திரும்பியதில்லை.

சித்தூர் நமக்கு மற்றொரு பாடம் கற்பிக்கின்றது. சிற்றூர் என்பதே சித்தூர் ஆயிற்று என்பர். காற்றைக் 'காத்து' என்றும் நேற்றை 'நேத்து' என்றும் சொல்லும் நம் பேச்சு வழக்கும் இதற்கு ஒத்ததே. இன்றோ அது மாவட்டத் தலைநகர், சிற்றூர் அன்று. பிறப்பே சொல்லின் பொருளை முடிவு செய்யுமாயின், அந்நகரம் வளர்ந்ததே பிழையாகிவிடும்! சொல்லின் பிறப்பு வரலாறாகும்; அதன் பொருளோ வழங்குவோரிடத்தில் உள்ளது.

தமிழகத்தின் உள்ளேயும் இக்கலப்பைக் காணலாம். 'பங்குதாரர்' என்பதில் 'பங்கு' தமிழ், 'தார்' பாரசீகம், 'அர்' மீண்டும் தமிழ். பாலும் அபிஷேகமும் தமிழ் விதிப்படி புணர்ந்தால் 'பாலபிஷேகம்' என்றே வரவேண்டும். மக்களோ 'பாலாபிஷேகம்' என வடமொழி விதியைப் பாலுக்கும் வழங்கினர். தெலுங்கு கலந்து பேசும் சித்தூர்த் தமிழரைக் கண்டு நகைப்போர் நாள்தோறும் வழங்கும் 'எச்சரிக்கை'யும் 'பண்டிகை'யும் தெலுங்கிலிருந்து வந்தவை என்பர் அறிஞர். தொல்காப்பியரும் வடசொல்லைச் செய்யுட் சொல் நான்கனுள் ஒன்றாகக் கொண்டு, வட எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தி வருக என்றே விதித்தார். அவர் வாயிலை அடைக்கவில்லை. வருவோர் இவ்வீட்டு முறைப்படி ஒழுகவேண்டும் என்றார்.

அங்ஙனமாயின் தனித்தமிழ் பேணியோர் செய்தது வீண் முயற்சியோ எனின், அன்று. 1916இல் சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். அவர்தம் 'ஞானசாகரம்' இதழ் 'அறிவுக்கடல்' ஆயிற்று. அவர் போன்றோர் உழைத்திராவிடில் 'அக்கிராசனர்' தலைவர் ஆகியிரார். 'அபேட்சகர்' வேட்பாளர் ஆகியிரார். 'டெலிவிஷ'னுக்குத் 'தொலைக்காட்சி' என்னும் அழகிய பெயரும் நமக்கு வாய்த்திராது. அவர்கள் நன்மை செய்தது நல்ல சொல்லைப் படைத்துத் தந்தமையால். பிறர் சொல்லைப் பழித்தது மட்டுமே அவர்கள் பணியாயிருந்தால் தமிழுக்கு ஒரு சொல்லும் கூடியிராது.

தேவை கருதிக் கலப்பது வேறு. கைவிட்டுக் கலப்பது வேறு. இல்லாத பொருளுக்குப் பிறமொழிச் சொல்லை ஏற்றுத் தமிழ் விகுதி சேர்ப்பது மொழியின் வலிமை. அம்மா, அத்தை, சோறு, தண்ணீர் என்னும் உயிர்ச்சொற்கள் இருக்க அவற்றை மறந்து வேறு சொல் நாடுவது இழப்பு. முன்னதைக் குற்றமென்று கடிவதும் பின்னதைக் காணாதிருப்பதும் ஒருங்கே தவறாகும்.

திருப்பதியில் வளரும் தமிழ்க் குழந்தை ஒன்று ஒற்றெழுத்தின்றித் 'திருபதி' என்று எழுதுகின்றது எனக் கொள்வோம். தெலுங்கில் அவ்வாறு எழுதுவதே சரி. அதனை எள்ளி நகையாடினால் அக்குழந்தை ஒற்றைக் கற்றுக்கொள்ளாது. தமிழில் எழுதுவதையே விட்டுவிடும். பிழை செய்தவர் மௌனமாகிவிட்டபின், பிழையில்லாத மொழி யாருக்குப் பயன்படும்? 'அங்கே அவ்வாறு எழுதுவர். நாம் ஒரு ப் சேர்ப்போம்' என்று அன்புடன் சொன்னால், குழந்தை இரு மொழியின் இயல்பையும் ஒருங்கே அறியும்.

திருத்துவோர் தம்மைத் தாமே வினவிக்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு: இத்திருத்தத்தால் இவர் நாளை மேலும் ஒரு சொல் தமிழில் பேசுவாரா, ஒரு சொல் குறைத்துப் பேசுவாரா? பேச்சை வளர்க்கும் திருத்தமே அறம். நம் இல்லங்களில் தூய தமிழும் வளர்க. கலந்த தமிழ் பேசும் நாவும் அஞ்சாது பேசுக.